பின்நவீனத்துவத்துக்குப் பிறகு ‘அர்த்தம்’ என்று ஏதாவது மிஞ்சுகிறதா?

மிஞ்சுகிறது. முன்னேற்றம், விடுதலை என்று உலகத்தையே ஒரே கதைக்குள் அடக்கும் பேச்சின் மீதுள்ள அவநம்பிக்கைதான் பின்நவீனத்துவம் என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் (1979). அந்தக் கதைகளையும் யாரோ ஓரிடத்தில் நின்றுதானே சொன்னார்கள்? ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் இடையே ஊசலாடும் மனநிலையை 2010இல் பண்பாட்டு ஆய்வாளர்கள் வெர்முலன், வான் டென் ஆக்கர் இருவரும் ‘மெட்டாமாடர்னிசம்’ என்ற பெயரில் விவரித்தார்கள். பெயர்தான் வாயில் நுழையாது.

அந்த ஊசலாட்டத்தை மும்பை தாராவியில், எங்கள் சந்திலேயே பார்க்கலாம். ஓர் அக்கா விடியலில் கோலமிடுகிறார். வாசல் இரண்டு முழம்தான். எட்டு மணிக்குள் கைவண்டிச் சக்கரம் அழித்துவிடும், அவருக்கும் தெரியும். இருந்தும் ஒரு புள்ளி பிசகினால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்.

‘எதுவும் சரிதான்’ என்று பின்நவீனத்துவம் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அது கேட்டது, ‘யார் அளந்தது, எந்தக் கோலால்?’ என்று.