அட்டை தெரிஞ்சாதான் எடுப்பாங்களா?

கேள்வி: லைப்ரரிக்குள்ள நுழைஞ்சதுமே ஒரு டேபிள்ல புக்ஸை அட்டை தெரியுற மாதிரி நிக்க வச்சிருக்காங்க. நான் வேற எதையோ தேடித்தான் போறேன், ஆனா கடைசியில அந்த டேபிள்ல இருந்துதான் ஒண்ணை எடுத்துட்டு வர்றேன். நான் மட்டும்தான் இப்படியா?

பதில்: இல்லங்க, நிறைய பேர் அப்படித்தான். ஹெர்பர்ட் கோல்ட்ஹோர்னு அமெரிக்காவுல ஒரு நூலகத்துறை பேராசிரியர் இதை சோதிச்சே பார்த்துட்டார், 1972ல கட்டுரையா வந்துச்சு. இலினாய் மாநிலத்துல ஷாம்பெய்ன், அர்பானான்னு ரெண்டு பக்கத்து ஊரு, ரெண்டு லைப்ரரியிலயும் இருக்குற அதே புத்தகங்களை எடுத்துக்கிட்டு ஒரு லைப்ரரியில மட்டும் பளிச்சுன்னு கண்ணுல படுற இடத்துக்கு மாத்தினார், இன்னொண்ணுல இருந்த இடத்துலயே விட்டுட்டார். முன்னால வந்ததுங்கதான் நல்லா இரவல் போச்சு. மாறினது இடம் மட்டும்தான்.

யோசிச்சா ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஷெல்ஃப்ல புத்தகத்தோட முதுகுதான் தெரியும், பொடி எழுத்து, தலையை சாய்ச்சு படிக்கணும், கீழ்த்தட்டுன்னா குனியணும், அதுவும் ஆயிரக்கணக்குல இருக்கும்போது எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. "ஏதாவது நல்லதா கிடைக்குமா"ன்னு சும்மா வர்றவங்களுக்கு இருபது முப்பது புத்தகம் உள்ள டேபிள் பெரிய நிம்மதி.

ஆனா அந்த டேபிள்ல எதை வைக்கிறாங்கங்கறதுலதான் எனக்கு கொஞ்சம் கடுப்பு. ஏற்கனவே ரிசர்வ் பண்ணி க்யூல நிக்கிற புத்தகத்தை எதுக்கு அங்க வைக்கணும், அது தானா போயிடும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்குன்னு சொன்ன அஞ்சு விதியில மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதோட வாசகர். அப்படிப் பார்த்தா வருஷக்கணக்கா இரவல் ஸ்டாம்ப் விழாம மூலையில தூங்குறதுக்குத்தான் அந்த இடம் போகணும்.

கேள்வி: நான் லைப்ரரியில வேலை பாக்குறேன். அழகா டிஸ்ப்ளே வச்சாலும் யாரும் தொட மாட்டேங்குறாங்க, ஏன்?

பதில்: அழகா வச்சதுதான் பிரச்சனையா இருக்கலாம்! ரொம்ப கச்சிதமா இருந்தா கண்காட்சின்னு நினைச்சு பார்த்துட்டுப் போயிடுவாங்க, கண்ணாடிப் பெட்டின்னா கேக்கவே வேணாம். "எடுத்துட்டுப் போகலாம்"னு ஒரு அட்டை எழுதி வைங்க, வேணும்னே ரெண்டு மூணு இடம் காலியா விடுங்க, யாரோ எடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சா அடுத்தவங்களுக்கும் கை நீளும். ஆனா பாதி காலியாகுற வரைக்கும் விட்டுடாதீங்க, அப்பப்ப ரொப்பிடணும். தலைப்பு என்னங்கறதை விட டேபிள் எங்க இருக்குங்கறது முக்கியம், வாசல் பக்கமோ ரிட்டர்ன் கவுண்டர் பக்கமோ, ஆளுங்க நடையைக் குறைக்கிற இடமா பாருங்க.

இன்னொண்ணு, டிஸ்ப்ளே புத்தகம் எத்தனை போச்சுன்னு மட்டும் எண்ணி சந்தோஷப்படாதீங்க. ஒரு கார்டுக்கு இத்தனைதான்னு கணக்கு இருந்தா, ஷெல்ஃப்ல எடுக்க வேண்டியதை விட்டுட்டு டேபிள்ல எடுத்திருப்பாங்க, அவ்வளவுதான். லைப்ரரியில மொத்தமா இரவல் போனது கூடியிருக்கான்னும் சேர்த்துப் பாருங்க.