கம்ப்ரஷன்: அமுக்கமா, சுருக்கமா?

கடலூரில் பல வருடம் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவன் என்பதால் இந்த வாரக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்: கம்ப்ரஷனுக்குச் சரியான தமிழ் எது சார்? ஒரு புத்தகத்தில் அமுக்கம், இன்னொன்றில் சுருக்கம்.

இரண்டும் சரி, இடம்தான் மாறக் கூடாது. லத்தீன் மூலத்துக்கு 'சேர்த்து அழுத்து' என்று பொருள். தமிழில் எதை அழுத்துகிறோம் என்று பார்த்துச் சொல்லை எடுக்க வேண்டும். காற்று, தூண் என்றால் அமுக்கம். காலில் ரத்தக்குழாய் சுருண்டவர்கள் போடும் உறைக்கு இறுக்கம். கணினிக் கோப்புக்குச் சுருக்கம். 'கோப்பு அமுக்கம்' என்று படிக்கும்போது யாரோ அதன்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பட்டறையில் மட்டும் கம்ப்ரஷன் என்றே சொல்லிவிடுங்கள்.

பண்ருட்டி வாசகர்: என் பைக்கில் 'கம்ப்ரஷன் இல்லை' என்கிறார் மெக்கானிக். எஞ்சினைப் பிரிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்க வேண்டும். அது எங்கோ ஒழுகுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங், சரியாக மூடாத வால்வு, சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் போன ஹெட் கேஸ்கெட் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கட்டும். முள் நன்றாக ஏறினால் ரிங். ஏறவில்லையா, பெரும்பாலும் வால்வு அல்லது கேஸ்கெட். இதைப் பார்க்காமலே ஒரு பட்டறையில் என் வண்டியின் சிலிண்டரைக் கடைந்து 'போர்' போட்டுப் பில்லை நீட்டினார்கள். கடைசியில் பார்த்தால் வால்வு.

முதுநகர் வாசகர்: எங்கள் படகு டீசல் எஞ்சினில் பிளக்கே கிடையாதே, எப்படிப் பற்றுகிறது?

கம்ப்ரஷன்தான் அங்கே தீக்குச்சி. சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டீசல் எஞ்சின் காற்றைப் பதினைந்து, இருபதில் ஒரு பங்காக அமுக்குவதால் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1890களில் ஓட்டிக் காட்டியது இதைத்தான். ஹேண்டில் போட்டுச் சுற்றும் பழைய எஞ்சினில் முதலில் ஒரு லீவரைத் தூக்குவார்களே, அது வால்வைத் திறந்து வைப்பதற்கு. அமுக்கம் இல்லாததால் கை சுலபமாகச் சுற்றும். வேகம் வந்ததும் லீவரை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

வில்லியனூர் வாசகி: கான்கிரீட்டுக்குக் 'கம்ப்ரஷன் டெஸ்ட்' எதற்கு?

அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும் பொருள் அது. இழுவைக்குக் கம்பி, அமுக்கத்துக்கு இந்தச் சோதனை. எம்20 ரகக் கான்கிரீட் என்றால் 15 செ.மீ. கனசதுரக் கட்டி 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். உங்கள் புதுச்சேரியின் பழைய வளைவு வாசல்கள் கம்பியில்லாமல் நிற்கின்றன. செங்கற்கள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

லாஸ்பேட்டை மாணவி: ஜிப் செய்தால் ஒன்றும் குறைவதில்லை, போட்டோவைச் சுருக்கினால் மட்டும் மங்குகிறதே?

இலக்கண வகுப்பை நினைத்துக்கொள்ளம்மா. 'பொற்குடம்' என்பதை 'பொன்னால் ஆகிய குடம்' என்று விரிக்கிறோம். மறைந்ததெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. ஜிப் அந்த மாதிரித் தொகை. போட்டோவைச் சுருக்கும் ஜேபெக் முறையோ கண்ணுக்கு அதிகம் தெரியாத விவரங்களைத் தூக்கி எறிந்துவிடும். எப்படி விரித்தாலும் வராது. வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்பு, அப்படியே போகும்.