எங்கள் வம்சத்துப் பல்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: தருமபுரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை

கேள்வி: பாட்டி, அம்மா, நான் என்று மூவருக்கும் முன்பற்களில் பழுப்புக் கோடு. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வதும் மூவருக்கும் ஒன்றுதான். தஞ்சாவூர்ப் பக்கத்து மாமியார், ‘உங்கள் வம்சத்துப் பல்’ என்று சொல்லிக் காட்டுகிறார். சென்னையில் சித்தி வீட்டில் வளர்ந்த என் அக்கா மட்டும் எப்படியோ தப்பிவிட்டாள். எந்த முப்பாட்டியிடமிருந்து டீச்சர் இது வந்தது? என் மூன்று வயது மகளுக்கும் வருமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: அக்காவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே அம்மா, விடை அதில்தான் இருக்கிறது. ஒரே தாய் தகப்பன், ஒரே ரத்தம். தண்ணீர் மட்டும் வேறு. அந்தக் கோட்டைப் போட்டது முப்பாட்டி அல்ல, உங்கள் ஊர்க் கிணறு.

நம் மாவட்டத்துப் பாறைகளிலிருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இங்கே பல ஊர்களில் போகிறது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் கெட்டுக் கறை ஏறும். வளர்ந்து முடிந்த பல்லில் ஏறாது. உங்கள் மாமியார் இனி இருபது வருடம் பாலக்கோட்டுத் தண்ணீரைக் குடித்தாலும் அவர் பல்லில் இந்தக் கோடு விழாது. அதனால்தான் அவருக்கு இது வம்சமாகத் தெரிகிறது. எனக்கும் இதே கோடு உண்டு. மரபியல் பாடம் நடத்தும்போது வகுப்பைப் பார்த்துச் சிரித்தால், முக்கால்வாசிப் பிள்ளைகள் என் வம்சம்.

பல்லோடு நின்றால் பரவாயில்லை. என் பெரியப்பா யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார். தேரைத் திருப்புவது போல முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். பந்தியில் சம்மணமிட்டு உட்கார மாட்டார். ‘அந்தக் குடும்பத்துக்கே திமிர்’ என்று ஊரில் பெயர். எலும்பிலும் ஃபுளோரைடு படியும், கழுத்தும் முதுகும் இறுகும் என்று நான் கல்லூரிக்குப் போய்ப் படித்துத் தெரிந்துகொண்டபோது அவர் உயிரோடு இல்லை. திமிர் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

மகளுக்குக் குடிக்க மட்டுமல்ல, சோறு குழம்பு வைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். 2013-இல் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பல்லுக்கும் எலும்புக்கும்தான். போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் சுண்டும். ஃபுளோரைடு அப்படியே நிற்கும்.

கையால் வாயை மூடுவது மட்டும் உங்கள் அம்மாவிடமிருந்து வந்ததுதான். உங்களைப் பார்த்து மகளும் பழகிக்கொண்டிருப்பாள்.

கேள்வி: தாத்தாவுடைய அப்பாவின் பெயருக்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எச்சிலைச் சோதித்துப் பூர்வீகம் சொல்கிறார்களாமே, செய்து பார்க்கலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கையில் காசிருந்தால் செய்யுங்கள் தம்பி. இத்தனை சதவீதம் இந்தப் பகுதி என்று ஒரு பட்டியல் வரும். அவர்களிடம் ஏற்கெனவே எச்சில் கொடுத்த தூரத்துச் சொந்தம் இருந்தால் அதையும் காட்டுவார்கள். பாட்டனின் பெயர் வராது. அதற்கு முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

பழைய கிரயப் பத்திரங்களில் ‘இன்னார் பேரன், இன்னார் குமாரன்’ என்று எழுதியிருப்பார்கள். ஒரே வரியில் மூன்று தலைமுறை. அதைவிட, நிலத்தின் நான்கு எல்லையிலும் யார் நிலம் என்று சொல்லும் செக்குபந்தியைப் படியுங்கள். எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ‘பெரியாயா’ என்றே சொல்லி வளர்ந்தோம். எங்கள் பத்திரம் எதிலும் அவர் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுப் பத்திரத்தில், ‘கிழக்கே இன்னார் பெண்சாதி இன்னாருடைய புஞ்சை’ என்று வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கூடவே எழுதியிருந்த அவருடைய தகப்பன் பெயரின்மேல், சரியாக அந்த மடிப்பில், கறையான் தின்ற ஓட்டை. பென்சில் முனை நுழையும் அளவு. அந்த ஓட்டையை நான் எத்தனை முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பெயரே ஒரு தடயம். பேரன் என்றால் பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். தாத்தா வீட்டுக்கு மூத்த பிள்ளை என்றால், அவருடைய தாத்தாவின் பெயரே அவருக்கும் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். வேடியப்பன் என்ற பெயர் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வந்தால், குலதெய்வக் கல்லையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடும் கல் பல இடங்களில் நடுகல்தான்: ஆநிரை மீட்கும் சண்டையிலோ வேறு சண்டையிலோ பட்டவனுக்கு நட்ட கல். சிலவற்றில் எழுத்தும் இருக்கும். மஞ்சளும் எண்ணெயும் ஏறியிருக்கிறதென்று சுரண்டிவிடாதீர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நடுகற்கள் இருக்கின்றன. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் கல் என்ன என்பது விளங்கும். அவன் உங்கள் ரத்தமா என்று கல் சொல்லாது.

பேச்சையும் கவனியுங்கள். என் ஆயா வீட்டில் தமிழ்தான் பேசுவார். மாங்காய் எண்ணும்போது மட்டும் ‘ஒந்து, எரடு, மூரு.’ ஏன் என்று கேட்டால், ‘மாங்காயை அப்படித்தான் எண்ண வேண்டும்’ என்பார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறும்வரை இந்தப் பாராமகால் சீமை மைசூரின் ஆளுகையில் இருந்தது. ஆயாவுக்கு ஒரு கன்னடப் பாட்டி இருந்தாரா, கன்னட வியாபாரியிடம் மாங்காய் விற்றுப் பழகியதா? இரண்டாவதுதான் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். எனக்கென்னவோ முதலாவதுதான் பிடித்திருக்கிறது.

கேள்வி: நான்கு தலைமுறைக்கு முன்னோர் 30 பேர், பத்தாம் தலைமுறையில் மட்டும் 1,024 பேர் என்று மகன் கணக்குப் போட்டான். நான் என் அக்காள் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். கணக்கு உதைக்கிறதே?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: நன்றாகவே உதைக்கிறது. உங்கள் அப்பா உங்கள் வழியில் அவனுக்குத் தாத்தா, அவன் அம்மா வழியில் கொள்ளுத்தாத்தா. ஒரே ஆள் இரண்டு இலையில் உட்கார்ந்திருக்கிறார். பெற்றோரிலிருந்து நான்கு தலைமுறைக்கு எண்ணினால் உங்கள் மகனுக்கு 24 பேர்தான் தேறுவார்கள். சொந்தத்தில் கட்டாத குடும்பத்திலும் மேலே போகப் போக இதே கதைதான். முப்பதாம் தலைமுறைக்குத் தாளில் 107 கோடிப் பேர் வருவார்கள். அப்போது உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது.

ஒன்று மட்டும்: பிள்ளைகளை மருத்துவரிடம் காட்டும்போது சொந்தத்தில் திருமணம் என்பதை மறைக்காதீர்கள். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்பட வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அப்பா நாக்கைக் குழல் போலச் சுருட்டுவார், அம்மாவும்தான். எனக்கு வரவில்லை. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று அண்ணன் கேலி செய்கிறான்.
— மாணவி, ஓசூர்

பதில்: அண்ணனிடம் சொல்: நாக்குச் சுருட்டுவது ஒற்றை மரபணுவால் வரும் பரம்பரைக் குணம் என்று 1940-இல் எழுதியவர் ஸ்டர்ட்டெவன்ட் என்ற அறிவியலாளர். உருவொத்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வரவில்லை என்று பிறகு தெரிந்ததும், அது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் அந்தச் சேதி வந்து சேரவில்லை. பல வருடம் வகுப்பில் எல்லோரையும் நாக்கை நீட்டச் சொல்லி இதையே நடத்தினேன். ஒரு பையன் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் நாக்கைச் சுருட்டிக் காட்டச் சொல்லி, அறை வாங்கிக்கொண்டு வந்தான். அந்த அறை எனக்கு விழுந்திருக்க வேண்டியது.