ஹைடல்பெர்க்கில் சேர்ந்தால் பாரிஸ் பட்டமும் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் உயிரித் தொழில்நுட்பத்தில் பி.டெக். முடித்திருக்கிறாள். ஜெர்மனியில் ஹைடல்பெர்க், பான் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஹைடல்பெர்க்கில் கல்விக் கட்டணம் உண்டு, பானில் இல்லை. ஆனால் ஹைடல்பெர்க் ஏதோ ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகக் கூட்டணியில் இருக்கிறதாம். அங்கே சேர்ந்தால் பாரிஸ் சோர்போனிலும் கட்டணமில்லாமல் படிக்கலாம், பட்டத்தில் இரண்டு பெயரும் வரும் என்கிறார் ஒரு கல்வி ஆலோசகர். நம்பலாமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: பட்டத்தில் இரண்டு பெயர் வராது. பாரிஸில் ஒரு செமஸ்டர் படிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அது சேர்ந்த அன்றே கையில் கிடைக்கும் உரிமை அல்ல. அந்த வாய்ப்பு ஒன்றுக்காகத்தான் ஹைடல்பெர்க் என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. ஹைடல்பெர்க்குக்குப் போக வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு.

உங்கள் ஆலோசகர் சொல்லும் கூட்டணியின் பெயர் 4இயூ பிளஸ். 2017 செப்டம்பரில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் சோர்போனில் ஆற்றிய உரையில், எல்லைகளைக் கடந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் உருவாக வேண்டும் என்று பேசினார். அடுத்த ஆண்டே ஹைடல்பெர்க், சோர்போன், பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகம், வார்சா ஆகிய நான்கும் கைகோத்தன. பிறகு கோபன்ஹேகனும் மிலானும் வந்தன. பெயரில் உள்ள 'பிளஸ்' அப்போது ஒட்டிக்கொண்டது. ஜெனீவாவும் பாரிஸின் பாந்தியோன்-அஸாஸும் பின்னர் சேர்ந்து இன்று எட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2019இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 17 கூட்டணிகளில் இதுவும் ஒன்று.

இதில் ஹைடல்பெர்க்கின் பங்கு சிறியதல்ல. கூட்டணி ஜெர்மன் சட்டப்படி பதிவான சங்கம். அதன் தலைமையகம் ஹைடல்பெர்க்கில்தான் இருக்கிறது. நகர்ப்புறச் சுகாதாரம், மாறிவரும் ஐரோப்பா, கணினியியலும் தரவும், சுற்றுச்சூழல் என்று நான்கு பெருந்தலைப்புகளில் எட்டுப் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களும் சேர்ந்து பாடங்களையும் சிறு ஆய்வுத் திட்டங்களையும் நடத்துகிறார்கள். ஹைடல்பெர்க் மாணவர் மிலானில் நடக்கும் ஒரு பாடத்தை இணையவழியே எடுக்கலாம். குறுகிய காலத் தீவிர வகுப்பு என்று ஒரு வகை உண்டு: சில வாரம் இணையத்தில் படித்துவிட்டு, 5 முதல் 30 நாள் வரை நேரில் போய் முடிக்க வேண்டும். குறைந்தது 3 கிரெடிட் கிடைக்கும். என் அனுபவத்தில், கூட்டணிகளால் முதுகலை மாணவருக்கு உருப்படியாகக் கிடைக்கும் பலன் இந்தச் சின்ன வகுப்புதான். விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போடுவதில்லை.

பணத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு கூட்டணிக்கு ஐரோப்பிய ஆணையம் தருவது நான்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1.44 கோடி யூரோ. எட்டால் வகுத்தால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 4.5 லட்சம் யூரோ. ஹைடல்பெர்க்கில் ஏறக்குறைய 30,000 மாணவர்கள். தலைக்கு ஆண்டுக்கு 15 யூரோ! அலுவலகச் சம்பளம், கூட்டங்கள், பயணம் எல்லாம் இதற்குள்தான். எட்டுப் பல்கலைக்கழகமும் ஒரே வளாகமாகிவிட்டதுபோல் யாராவது பேசினால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் அச்சாகியிருக்கும் உறவினர் எல்லாரும் பெண்ணுக்குச் சீர் செய்யப்போவதில்லை.

ஹைடல்பெர்க்கின் இணையதளத்தில் 'லெரு' என்று இன்னொரு பெயரும் கண்ணில் படும். அது 2002இல் 12 ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. ஆய்வு நிதிக்காகவும் கொள்கைக்காகவும் ஐரோப்பிய ஒன்றியத்திடம் குரல் கொடுப்பது அதன் வேலை. மாணவர் பரிமாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மகள் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

இனி பாரிஸ். ஒரு செமஸ்டர் வெளியே போய்ப் படிப்பது பெரும்பாலும் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழியாகத்தான். இது கூட்டணிகளுக்கு வெகுமுன்பே இருந்த ஏற்பாடு. கூட்டணியில் இல்லாத பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. இந்தியக் குடியுரிமை தடையல்ல. ஹைடல்பெர்க்கில் முழுநேரப் பட்ட மாணவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். போகிற இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆலோசகர் சொன்னதில் இந்த ஒரு பகுதி உண்மை. ஆனால் ஹைடல்பெர்க்கில் உங்கள் மகளின் துறைக்கும் சோர்போனின் அதே துறைக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதில் இடமும் இருக்க வேண்டும். இடம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். தேர்வு துறையின் கையில்.

இடம் கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கும். கிளம்புவதற்கு முன்பே, அங்கே எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், இங்கே எதற்கு ஈடாகும் என்று எழுதி, மாணவர், இரண்டு பல்கலைக்கழகங்கள் என மூன்று தரப்பும் கையெழுத்திட்ட கற்றல் ஒப்பந்தம் வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் கணக்கு. அதில் 18ஐ மட்டும் ஹைடல்பெர்க் ஏற்றுக்கொண்டால் மீதி 12ஐத் திரும்பி வந்து முடிக்க வேண்டும். படிப்பு ஒரு செமஸ்டர் நீளும். நாள்காட்டியும் இடிக்கும். ஹைடல்பெர்க்கில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். சோர்போனில் இரண்டாம் செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். கோபன்ஹேகன் அறிவியல் புலம் ஆண்டை நான்கு கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆய்வகப் பயிற்சியை நம்பியிருக்கும் உயிரியல் படிப்பில் இந்தச் சில வார மோதல் சாதாரணம் அல்ல.

விசாவைப் பற்றி ஆலோசகர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜெர்மனியின் மாணவர் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர், ஐரோப்பியத் திட்டம் அல்லது பல்கலைக்கழக ஒப்பந்தத்தின் கீழ் இன்னொரு உறுப்பு நாட்டில் 360 நாள் வரை படிக்க, 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. பிரான்ஸ், இத்தாலி, போலந்து, செக் குடியரசு இதற்குள் வரும். டென்மார்க் வராது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை. ஆகக் கூட்டணியின் எட்டில் கோபன்ஹேகனுக்கும் ஜெனீவாவுக்கும் செமஸ்டர் படிக்கப் போவதென்றால் அந்தந்த நாட்டு அனுமதியைத் தனியாகப் பெற வேண்டியிருக்கும். சொந்தமாக ஏற்பாடு செய்துகொண்டு போகிறவருக்கு இந்த 360 நாள் சலுகை எங்கும் கிடையாது.

இரண்டு பெயரோடு பட்டம் வேண்டுமென்றால் அதற்கு வழி வேறு. எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளில் குறைந்தது மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே பாடத்திட்டத்தை நடத்துகின்றன. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கல்விக் கட்டணமும் இல்லை. இந்திய மாணவர்கள் ஆண்டுதோறும் நிறையப் பேர் இதைப் பெறுகிறார்கள். ஆனால் அதற்கு வழக்கமாக அக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அதற்குக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரு மாணவருக்கென்று தனி ஒப்பந்தம் போட்டு, கூட்டு வழிகாட்டலில் பட்டம் தரும் முறையும் உண்டு. ஜெர்மனி–பிரான்ஸ் இடையே அது பழக்கமான விஷயம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பான் பல்கலைக்கழகத்தை மட்டும் ஏன் கூட்டணி இல்லாததாக நினைத்தீர்கள்? பான் 'நியூரோடெக் இயூ' என்ற கூட்டணியில் இருக்கிறது. மூளை அறிவியலையும் அதைச் சார்ந்த தொழில்நுட்பத்தையும் மட்டுமே மையமாக வைத்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா, நெதர்லாந்தின் ராட்பௌட் ஆகியவை அதன் உறுப்பினர்கள். 2024இல் இத்தகைய கூட்டணிகள் 64 ஆகிவிட்டன. 560க்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் அவற்றில் இருக்கின்றன. ஐரோப்பாவில் பெயர் சொல்லும்படியான பல்கலைக்கழகம் எதிலும் இல்லை என்றால்தான் ஆச்சரியம். உங்கள் மகளுக்கு நரம்பியலில் நாட்டம் இருந்தால், எட்டுப் பெரிய பெயர்கள் கொண்ட பொதுவான கூட்டணியைவிடப் பானின் குறுகிய கூட்டணி பயனுள்ளது. புற்றுநோய் ஆய்வு என்றால் கூட்டணியை மறந்துவிட்டு ஹைடல்பெர்க்கைப் பாருங்கள். ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையம் அதே ஊரில், அதே வளாகத்தில் இருக்கிறது. நடந்து போகிற தொலைவில் உள்ள அந்த ஆய்வகம் பாரிஸில் உள்ள எந்த வகுப்பறையைக் காட்டிலும் உங்கள் மகளுக்கு அதிகம் தரும்.

கட்டண வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்கால செமஸ்டர் முதல், ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நான்கு செமஸ்டருக்கு 6,000. பான் இருக்கும் மாநிலத்தில் அந்தக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்புத் தொகை இரண்டு இடத்திலும் உண்டு.

உங்கள் மகளை இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பச் சொல்லுங்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு வேண்டாம், துறையின் பரிமாற்ற ஒருங்கிணைப்பாளருக்கு. எங்கள் முதுகலைப் படிப்பிலிருந்து கடந்த ஆண்டு எத்தனை பேர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்தார்கள், எங்கே, எத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது? இவ்வளவு கேட்டால் போதும். இடத்தை உறுதிசெய்ய வேண்டிய கடைசி நாள் கடிதத்திலேயே இருக்கும்; பதில் வர ஒரு வாரம் பிடிக்கலாம் என்பதால் இன்றே அனுப்புவது நல்லது.