இன்ஜின் நின்றபின்: சிறு விமானம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நண்பர் தன் செஸ்னா 172 விமானத்தில் என்னை அழைத்துப்போகிறேன் என்கிறார். இருப்பதோ ஒரே இன்ஜின். அது நடுவானில் நின்றுவிட்டால் கல்லைப்போல் விழுந்துவிட மாட்டோமா?

விழ மாட்டீர்கள். தாங்குவது இறக்கை, இன்ஜின் அல்ல. இன்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளலாம். செஸ்னா 172 சுமார் 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில், சறுக்கும். காற்று அமைதியாக இருந்தால் 1,000 அடி இறங்குவதற்குள் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக முன்னே போய்விடும். 5,000 அடியில் இருந்தால் ஆறேழு நிமிடம் கையில் இருக்கிறது. வயல் தேட அது போதும்.

கேள்வி: தரையை விட்டுக் கிளம்பியவுடன் நின்றால்? ஓடுபாதை பின்னால்தானே இருக்கிறது, திரும்பி வந்தால் என்ன?

இந்த ஆசைதான் ஆளைக் கொல்கிறது. அரைவட்டம் அடித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அப்படித் திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்பீர்கள். அதன் நேருக்கு வர இன்னும் திருப்ப வேண்டும். திகைப்பில் முதல் மூன்று நான்கு விநாடி வீணாகும். அவசரத்தில் 45 பாகை சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தாங்காதோ அந்த வேகம், 19 சதவீதம் ஏறும். 60 பாகையென்றால் 41 சதவீதம். தரை நெருங்குவதைக் கண்டு கை தானாக மூக்கை உயர்த்தும். தாங்கும் காற்று அங்கே அறுந்துபோகும். ஒரு இறக்கை முந்திச் சரிந்தால் மீட்க உயரம் இராது.

கிளம்புவதற்கு முன்பே, "இந்த உயரத்துக்குக் கீழே இன்ஜின் நின்றால் நேராக முன்னால்தான்" என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் கவலையில்லை.

கேள்வி: முன்னால் நல்ல நிலமே இல்லையென்றால்?

நல்ல நிலத்தைவிட மெதுவான வேகம் முக்கியம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது; வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். எதிர்க்காற்றைப் பார்த்து, ஃபிளாப்பை (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கையின் பின்மடிப்பை) இறக்கி, கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே தரையைத் தொடுங்கள். வேலியில் இறக்கை பிய்ந்தால் பிய்யட்டும். விமானத்தைக் காப்பாற்ற நினைத்துத் தன்னை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: இன்ஜின் ஏன் நிற்கிறது? பழைய இன்ஜின்களா காரணம்?

உலோகம் உடைவதும் உண்டு. ஆனால் பெட்ரோல் தீர்ந்துபோவது, டேங்கைத் தேர்ந்தெடுக்கும் குமிழ் காலியான டேங்கிலேயே திரும்பியிருப்பது, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பது போன்ற சங்கதிகளும் அடிக்கடி நடக்கின்றன. இன்னொன்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கட்டும் பனி. வெளியே 20 டிகிரி வெயில் அடித்தாலும் ஈரப்பதம் இருந்தால் உள்ளே பனி கட்டும். எனக்கே ஒருமுறை நேர்ந்தது. இன்ஜின் சுழற்சி மெல்ல நிமிடத்துக்கு 2,300-லிருந்து 2,100-க்கு இறங்கியது. கார்புரேட்டரைச் சூடாக்கும் குமிழை இழுத்தேன். இன்ஜின் இன்னும் மோசமாக இருமியது. உருகிய நீரை விழுங்குகிறது என்று படித்திருந்தும், குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடத் துடித்த கையை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அரை நிமிடத்தில் சீரானது.

கேள்வி: ரேடியோவில் எப்போது சொல்வது?

முதலில் வேகம், பிறகு வயல், அப்புறம் டேங்கும், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவும் சரியா என்று பார்ப்பது. அதன்பின் ரேடியோவில் மேடே என்ற ஆபத்து அழைப்பு, ரேடாருக்கு நம்மைக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண். வார்த்தை இறக்கையைத் தாங்காது.

கேள்வி: பயணியாக நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

பெல்ட்டை இறுக்குங்கள். விமானி சொன்னதும், தரையைத் தொடும் முன்பே கதவின் தாழைத் திறந்துவிடுங்கள். மோதலில் கதவுச் சட்டம் நெளிந்தால் பிறகு திறக்காது. அதுவரை பேச்சுக் கொடுக்காமல் வெளியே கம்பங்களைத் தேடுங்கள். மின்கம்பி கடைசி நொடிவரை கண்ணுக்குப் படாது, கம்பம் படும். ஒரு கம்பத்தைக் கண்டால் அடுத்ததையும் கண்டுபிடித்து, கம்பி எங்கே ஓடுகிறது என்று கை காட்டுங்கள்.