‘சூப்பர்’ என்று போட்டவர் சமைத்துப் பார்த்தாரா?

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: சமையல் குறிப்புகளுக்குக் கீழே வரும் கமெண்டுகள்

*அரிசிம்பருப்புச் சோறு குறிப்பு ஒண்ணு போன்ல பாத்தனுங்க. ஒரு டம்ளர் அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி, மூணு விசில்னு போட்டிருக்குது. கீழ ஒருத்தர் ‘களியாட்டம் ஆயிப்போச்சு’ங்கறாங்க. இன்னொருத்தர் ‘அரிசி வெறச்சுட்டு நிக்குது’ங்கறாங்க. யாரை நம்பறதுங்க?*
— வாசகி, ஈரோடு

இரண்டு பேரையும் நம்பலாம். ஆளுக்கு ஓர் அரிசியை வைத்துக்கொண்டு ஒரே குறிப்பைச் செய்திருக்கிறார்கள். அறுவடையாகிக் கொஞ்ச நாளே ஆன அரிசி குறைந்த தண்ணீரிலேயே குழைந்துவிடும். ஒரு வருடம் மூட்டையில் கிடந்த அரிசி தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பச்சரிசியைவிடப் புழுங்கலுக்கு நேரமும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். என்ன அரிசி என்று சொல்லாத கமெண்ட்டில், அது களியானாலும் விறைத்தாலும் உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்த சிக்கல் அளவு. கடையில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. வீட்டு டம்ளர் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அரிசியையும் தண்ணீரையும் ஒரே டம்ளரில் அளந்தால் தப்பில்லை. அரிசிக்கு ஒன்று, தண்ணீருக்கு வேறொன்று என்று எடுத்தால் கால் பங்கு தண்ணீர் கூடியோ குறைந்தோ போகும். பருப்பும் தண்ணீர் குடிக்கும் என்பதைச் சில குறிப்புகளே மறந்துவிடுகின்றன.

மூன்றாவது, விசில். விசில் என்பது நேரமல்ல. தீயைப் பெரிதாக வைத்தால் மூன்று விசிலும் நான்கு நிமிடத்தில் வந்துவிடும், சின்னத் தீயில் கால் மணி நேரம் ஆகும். கேஸ்கட் தளர்ந்த குக்கரில் ஆவி ஓரமாகக் கசியும். விசில் தாமதமாகும், உள்ளே தண்ணீர் வற்றும், அரிசி விறைக்கும். அந்த இரண்டாவது கமெண்ட்காரரின் குக்கரையே நாம் முதலில் சந்தேகப்படுவோம்.

இப்படி ஆரம்பித்துப் பாருங்கள். புழுங்கல் பொன்னி 1 டம்ளர், துவரம் பருப்பு ⅓ டம்ளர். இரண்டையும் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் வதங்கியதும் 3½ டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்த பிறகு அரிசியையும் பருப்பையும் போடுங்கள். பச்சரிசி என்றால் 3 டம்ளர் போதும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 6 நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்க வேண்டும். திறந்ததும் கொஞ்சம் தளதளவென்றுதான் இருக்கும், 10 நிமிடத்தில் இறுகிவிடும். திறந்த சூட்டிலேயே கரண்டியைப் போட்டுக் கிண்டினால் அரிசி உடைந்து குழையும். ‘களியாட்டம்’ என்று எழுதியவர் அதைத்தான் செய்தாரோ என்னவோ.

*கொள்ளு, துவரை எதுவுமே எங்க ஊட்டுல வேகறதில்லீங்க. குறிப்புல நாலு விசில்னு இருக்கு, எட்டு வெச்சாலும் பருப்பு பருப்பாவே கெடக்குது. கமெண்ட்டுல எல்லாரும் ‘பழைய பருப்பு’ங்கறாங்க. போன வாரம் வாங்குனதுங்க.*
— வாசகி, திருப்பூர் மாவட்டம்

சமைப்பது உப்புத் தண்ணியிலா (போர் தண்ணீர்), ஆத்துத் தண்ணியிலா? போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இவை இன்னும் இறுக்கிவிடும். சிறுவாணி ஆற்றுத் தண்ணீரில் சமைப்பவர் ‘நாலு விசில்ல மெத்துனு வெந்துருச்சு’ என்று எழுதுவார். அதே குறிப்பு உங்கள் வீட்டில் எட்டு விசிலுக்கும் மசியாது. அவர் தண்ணீரைப் பற்றி எழுதவே மாட்டார், அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

பருப்புக்கு மட்டும் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள், ஊறவைக்கவும் வேகவைக்கவும். அதற்கும் வழியில்லையென்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, போசியின் அடியில் வெள்ளையாகத் தங்குவதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி இப்படிக் கழியும், முழுவதும் போகாது. முழுக் கொள்ளை இரவே ஊறப்போடும்போது லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உப்பு சேர்த்தால் தோல் சீக்கிரம் இளகும். ஆப்பசோடா கடைசி வழிதான். லிட்டருக்குக் கால் ஸ்பூனுக்குள் நிறுத்துங்கள், மீறினால் சோப்பு வாடை வரும்.

புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு இருந்தால் பருப்பு மசிய மறுக்கும். அரிசிம்பருப்புக்குத் தக்காளியை முதலிலேயே போடுகிறோமே என்று கேட்பீர்கள். அங்கே தக்காளி ஒன்றுதான், பருப்பும் ஊறியது. அதோடு அதில் பருப்பு முழுதாகத் தெரிந்தால்தான் அழகு.

வாங்கியது போன வாரம் என்பதால் பருப்பு புதிது என்று ஆகிவிடாது. கடைக்காரர் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்ததோ. கமெண்ட்காரர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. நல்ல தண்ணீரிலும் வேகவில்லையென்றால் கடையை மாற்றுங்கள். குக்கரில் பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது. கொள்ளு நுரை கட்டி ஆவித் துளையை அடைக்கும்.

*இட்லி மாவு 8 மணி நேரத்தில் பொங்கிவிடும் என்கிறது குறிப்பு. ‘கரெக்டா வந்துச்சு’ என்று வரிசையாகக் கமெண்ட். எங்களுக்கு விடிந்தும் அப்படியே இருக்கிறது.*
— வாசகர், வால்பாறை

அந்தக் கமெண்டுகள் எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில் எழுதியவை என்று பாருங்கள். கரூரில் சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கி வழியும். வால்பாறை ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே மார்கழிக் குளிரில் 14, 16 மணி நேரம் சாதாரணம். 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில்தான் மாவு நன்றாகப் பொங்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஆட்டுங்கள். போசியைச் சாக்கிலோ கம்பளியிலோ சுற்றி வையுங்கள். ஓவன் இருந்தால் அதைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். போசியின் வெளியே மாவு மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, அது இரட்டிப்பாகும்வரை விடுங்கள்.

இன்னொன்று: உங்கள் உயரத்தில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் சுமார் 93 டிகிரிதான். திறந்த பாத்திரத்தில் வேகவைப்பது எதற்கும் சமவெளிக்காரர் எழுதும் நேரம் உங்களுக்குப் போதாது.

*எத்தனை ஸ்டார் இருந்தால் நம்பலாம்?*
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

ஸ்டாரைப் பார்க்காதீர்கள். ‘பாக்கவே நாவூறுது, ஞாயித்துக்கிழமை செய்யணும்’ என்பதும் ஐந்து ஸ்டார்தான். மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைத் தேடிப் படியுங்கள். அவர்கள்தான் செய்து பார்த்து, எது சரி, எது சரியில்லை என்று எழுதுகிறவர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் (‘உப்பு அதிகம்’, ‘பாகு கெட்டியாகிவிடுகிறது’) குறிப்பில்தான் பிசகு. தேதியையும் பாருங்கள். குறிப்பை எழுதியவர் தப்பைச் சத்தமில்லாமல் திருத்தியிருப்பார், பழைய திட்டுகள் மட்டும் கீழேயே கிடக்கும். அப்போது புதிய கமெண்டுகளுக்கே மதிப்பு.

*பள்ளிபாளையம் சிக்கன் குறிப்புக்குக் கீழே ‘மல்லித்தூள், கரம் மசாலா, தக்காளி சேர்த்தேன், அருமை’ என்று நிறையப் பேர். சேர்க்கலாமா?*
— வாசகர், கோயம்புத்தூர்

சேர்க்கலாம், அருமையாகவும் இருக்கும். அது பள்ளிபாளையம் சிக்கன் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பாராட்டு அவர்களுடைய மசாலாவுக்குப் போகிறது, குறிப்பு சரியா என்பதை அது காட்டாது.

ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பக்குவத்தில் தூள் என்றால் மஞ்சள் மட்டும்தான். அரைக் கிலோ கோழிக்குச் சின்ன வெங்காயம் 200 கிராம், வரமிளகாய் 15, தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய். மிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துவிட வேண்டும். ‘காரம் தாங்க முடியல’ என்று எழுதுபவர்களில் பாதிப்பேர் இந்தப் படியைத் தாண்டியவர்கள் என்பது நம் ஊகம். விதையோடு ஒட்டியிருக்கும் நரம்பில்தான் காரம் அதிகம், அதையும் சேர்த்து உதறுங்கள்.

‘தண்ணி விட்டுருச்சு, வதங்கவே இல்ல’ என்ற கமெண்டும் பார்த்திருப்பீர்கள். கழுவிய கோழியை வடிக்காமல் போட்டிருப்பார்கள், அல்லது சின்ன வடச்சட்டியில் குவித்திருப்பார்கள். அகலமான சட்டி எடுத்து, மூடி போட்டு 10 நிமிடம் கோழி விட்ட தண்ணீரிலேயே வேகவிட்டு, பிறகு திறந்துவைத்துச் சுண்டவிடுங்கள். தேங்காய்ப் பல் கடைசி 5 நிமிடத்தில்.

*ஒப்புட்டு (போளி) தட்டும்போது கிழிந்து பூரணம் வெளியே வருகிறது. ‘மைதாவைக் கூட்டுங்க’ என்று ஒரு கமெண்ட், ‘எண்ணெயைக் கூட்டுங்க’ என்று இன்னொன்று.*
— வாசகி, பொள்ளாச்சி

மாவும் பூரணமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். பூரணம் மாவைவிடக் கெட்டியானால் குத்திக் கிழிக்கும், இளகினால் பிதுங்கும். இரண்டு கமெண்ட்காரர்களும் மாவையே பார்க்கிறார்கள், தப்பு பெரும்பாலும் பூரணத்தில். கடலைப் பருப்பு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், குழையக்கூடாது. வெந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து (அந்தத் தண்ணீரில் ரசம் வைக்கலாம்), அரைத்து, 200 கிராம் பருப்புக்கு 175 முதல் 200 கிராம் வெல்லம் சேர்த்து, உருட்டினால் கையில் ஒட்டாத பதம்வரை அடுப்பில் கிளறுங்கள். நாட்டுச் சர்க்கரை என்றால் ஈரம் பைக்குப் பை மாறும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். ஒரு முழுப் பருப்பு அரைபடாமல் நின்றாலும் அந்த இடத்தில் கிழியும்.

மாவைத் தளரப் பிசைந்து, மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றி 2 மணி நேரம் மூடி வையுங்கள். எண்ணெயைக் கூட்டச் சொன்னவர் ஓரளவு சரி. மைதாவைக் கூட்டினால் மாவு இறுகித் தட்டவே வராது, அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

*மாங்காய் ஊறுகாய்க்கு ‘உப்பைப் பாதியாக்கினேன், பிரஷர் இருக்கறவங்களுக்கும் நல்லது, டேஸ்ட்டும் சூப்பர்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியே செய்யலாமா?*
— வாசகி, தாராபுரம்

வேண்டாம். போட்ட அன்றே எழுதிய கமெண்ட் அது. இரண்டு வாரம் கழித்துப் பூசணம் பூத்ததா என்று அவர் திரும்பி வந்து எழுதமாட்டார். ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டுமல்ல, கெடாமல் காப்பதும் அதுதான். நறுக்கிய மாங்காய் 1 கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் உப்பு வேண்டும். கல் உப்பையும் தூள் உப்பையும் கப்பில் அளந்தால் எடை மாறும், தராசில் நிறுத்துப் போடுங்கள். உப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் 100 கிராம் மாங்காயில் கொஞ்சமாகப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். பிரஷர்காரர்களுக்கு எந்த ஊறுகாயும் ‘நல்லது’ இல்லை, பாதி உப்பானாலும்.

பொதுவாக, கமெண்ட் சொல்லும் மாற்றத்தில் மிளகாய், பூண்டு, தாளிப்பு போன்றவற்றைத் துணிந்து செய்யலாம். ஆப்பசோடா, பேக்கிங் பவுடர், பாகுப் பதம், ஊறுகாய் உப்பு ஆகியவற்றில் ஒருவர் சொன்னார் என்று கை வைக்காதீர்கள். பேக்கிங் பவுடருக்குப் பதில் அதே அளவு ஆப்பசோடா போட்டுவிட்டு ‘கேக் கசக்குது’ என்று ஒற்றை ஸ்டார் கொடுப்பவர்கள் உண்டு. சோடாவின் வேகம் மூன்று மடங்குக்குக் குறையாது.

*நானும் கமெண்ட் எழுதலாம்னு பாக்கறனுங்க. என்ன எழுதுனா அடுத்தவங்களுக்கு ஆகும்?*
— வாசகி, காங்கேயம்

எதை மாற்றினீர்கள், எதில் சமைத்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, என்ன ஆனது. ஒன்றும் மாற்றவில்லையென்றால் அதையும் எழுதுங்கள், மிகவும் உதவும். மாதிரிக்கு ஒன்று: ‘சொன்ன அளவிலேயே செஞ்சேன். பழைய புழுங்கல் பொன்னி, 3 லிட்டர் அலுமினிய குக்கர், போர் தண்ணி. 3 டம்ளர் தண்ணி பத்தல, அரை டம்ளர் சேத்து மறுபடி 2 விசில் விட்டேன். பருப்பு கொஞ்சம் முழிச்சுட்டு இருந்துது. காரம் கொழந்தைகளுக்கு அதிகம்.’

ஐந்து பொருளை மாற்றியிருந்தால் ஸ்டாரை மட்டும் தொடாதீர்கள். சாப்பிட்ட அன்றே எழுதிவிடுங்கள், அளவு மறந்துபோகும். ஊறுகாய், பொடி, பலகாரம் என்றால் மட்டும் டப்பா காலியாகும்வரை பொறுத்திருங்கள்.