போன் ஒண்ணு, டேப்லெட் ஒண்ணு: எந்த ஆப்பை எதுல வச்சுக்கறது?

புதுசா டேப்லெட் வாங்கினேன், போன்ல இருந்த அத்தனை ஆப்பும் அதுலயும் வந்து உக்காந்துடுச்சு, எதை எங்க வைக்கறது, எதைத் தூக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. நிறைய பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்குது. முதல் தடவை ஆன் பண்றப்ப பழைய பேக்கப்ல இருந்து எடுத்துக்கவான்னு கேக்கும், நாமளும் சரின்னு தட்டிடுவோம். நானும் தட்டினவன்தான், அப்புறம் ரெண்டையும் பிரிச்சு ஒழுங்கா கொண்டுவர எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இந்த ஆப் எதுல நல்லா ஓடும்னு யோசிச்சா ஒரு முடிவுக்கும் வர முடியாது, ஏன்னா இன்னைக்கு பெரும்பாலான ஆப் ரெண்டுலயும் ஓடும். இந்த வேலையை நான் நின்னுகிட்டு பண்றேனா, உக்காந்து பண்றேனான்னு கேட்டுப் பாருங்க. வெளிய போறப்ப, வரிசையில நிக்கறப்ப, ஒரு கையில பை வச்சுகிட்டு பண்ற வேலையெல்லாம் போனுக்கு. அரை மணி நேரமாவது ஒரே இடத்துல உக்காந்து பண்றது டேப்லெட்டுக்கு. உங்களுக்கே சந்தேகம்னா ஆண்ட்ராய்டுல டிஜிட்டல் வெல்பீயிங், ஆப்பிள்ல ஸ்கிரீன் டைம் இருக்கு, ரெண்டுமே 2018ல வந்தது, எந்த ஆப்ல எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு காட்டும். ஒரு வாரம் எதையும் மாத்தாம விட்டுட்டு அதைத் திறந்து பாருங்க, நான் பார்த்தப்ப டேப்லெட்ல இருந்த அம்பது அறுபது ஆப்ல ஏழெட்டைத்தான் தொட்டே இருந்தேன்.

போன் பக்கம் பெருசா யோசிக்கவே வேண்டாம். சிம்மோட கட்டிப்போட்ட ஆப் எல்லாம் அங்கதான், பேங்க் ஆப், பணம் அனுப்பற ஆப், ஓடிபி வர்ற எதுவும். வழி பார்க்கற மேப்பும் போன்லதான், வைஃபை மட்டும் இருக்கற ஐபேட் மாடல்ல ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடற மாடல்லதான் இருக்கும், அதனால ரோட்ல அதை நம்பிப் போக முடியாது.

வாட்ஸ்அப்தான் குழப்பம். ஒரு போனோட நாலு சாதனம் வரைக்கும் இணைச்சுக்கலாம், போன் ஆஃப்ல இருந்தாலும் மத்ததுல மெசேஜ் வரும், 14 நாளுக்கு மேல போன்ல திறக்காம விட்டாதான் லாக்அவுட் ஆகும். வசதிதான், நானும் இணைச்சு வச்சிருந்தேன். ஒருநாள் டேப்லெட்ல ஒரு பெரிய பிடிஎஃப் படிச்சுகிட்டு இருக்கேன், நாப்பதாவது பக்கம், ஒரு அட்டவணையில மேல இருக்கற எண்ணையும் கீழ இருக்கற எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துகிட்டு இருக்கறப்ப மேல இருந்து ஒரு பட்டை இறங்குது, யாரோ குரூப்ல குட் மார்னிங், கை தானா அங்க போயிடுச்சு, திரும்பி வந்தப்ப இருபது நிமிஷம் போயிருந்துச்சு, எந்த எண்ணைப் பார்த்தேன்னே மறந்துபோச்சு. அன்னைக்கே டேப்லெட்ல அதை எடுத்துட்டேன். மெயில் மட்டும் ரெண்டுலயும் இருக்கு, ஏன்னா நீளமா பதில் எழுதறதுக்கு பெரிய ஸ்கிரீன் வேணும், ஆனா டேப்லெட்ல அதோட நோட்டிபிகேஷன் ஆஃப். ஒரு விஷயத்துக்கு ஒரு சாதனம்தான் சத்தம் போடணும், ரெண்டும் சேர்ந்து டிங் டிங்னு அடிச்சா ரெண்டையும் கவனிக்க மாட்டோம்.

டேப்லெட்டுக்கு என்ன மிச்சம்னு பார்த்தா படிக்கறது, வரையறது, நீளமான வீடியோ, பேனா வச்சு எழுதற நோட்ஸ். ஏ4 அளவுக்குப் போட்ட பிடிஎஃபை போன்ல படிச்சவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வரிக்கும் பெருசாக்கி இடமிருந்து வலம் தள்ளி, திரும்ப இழுத்து, அடுத்த வரி எதுன்னு தேடி, ரெண்டு பக்கத்துல கண்ணு எரியும். டேப்லெட் வாங்கினதுக்கு எனக்கு அது ஒண்ணே போதும்.

நோட்ஸ் ஆப் ரெண்டுலயும் வேணும், அதுல மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. நெட் இல்லாத நேரத்துல டேப்லெட்ல ஒரு நோட்டைத் திருத்தி, அதே நோட்டை போன்லயும் திருத்தினா சில ஆப்ல ரெண்டு காப்பி உருவாகிடும், எது புதுசுன்னு வரி வரியா ஒப்பிடணும். திறந்த உடனே எழுத ஆரம்பிக்காம சிங்க், அதாவது ரெண்டு சாதனத்துலயும் நோட்ஸ் ஒண்ணாகறது, முடியற வரைக்கும் ரெண்டு செகண்ட் பொறுத்தா பெரும்பாலும் இது வராது.

இப்ப முக்கியமான விஷயம், இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். ஆத்தென்டிகேட்டர் ஆப், அதாவது லாகின் பண்றப்ப பாஸ்வேர்டோட சேர்த்துக் கேக்கற ஆறு இலக்க கோடை உருவாக்கித் தர்ற ஆப். நானும் போன் மட்டும் போதும்னு வச்சிருந்தேன். ஒருநாள் போன் கைநழுவி தரையில விழுந்துச்சு, கண்ணாடியில ஒரு கீறல் இல்ல, ஆனா டிஸ்பிளே கருப்பு. உள்ள உயிரோட இருக்கு, அலாரம் அடிக்குது, வைப்ரேட் ஆகுது, எதுவும் தெரியலை. டேப்லெட்ல மெயிலைத் திறந்தா ஆறு இலக்க கோட் கேக்குது, அந்தக் கோட் அந்தக் கருப்பு ஸ்கிரீனுக்குள்ள இருக்கு. அந்த ஆப் கையில இல்லாதப்ப உள்ள போறதுக்குன்னு முன்னாடியே தர்ற ரெக்கவரி கோட் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன், அதுவும் அதே போன் கேலரியில. டிஸ்பிளே மாத்தி வர்ற வரைக்கும் நாலு நாள் மெயில் இல்ல, வேலை சம்பந்தப்பட்ட ஒரு ஃபைல் கூட எடுக்க முடியலை, அந்த நாலு நாள் பட்ட பதட்டம் இன்னும் மறக்கலை.

அதனால ஆத்தென்டிகேட்டரையும் ரெண்டுலயும் வைங்க. புது அக்கவுண்ட்டுக்கு க்யூஆர் கோட் காட்டுறப்பவே ரெண்டு சாதனத்தாலயும் ஸ்கேன் பண்ணிடுங்க, ரெண்டுலயும் ஒரே கோட்தான் வரும், பொதுவா 30 செகண்டுக்கு ஒருதடவை மாறும், அந்தக் கோட் உருவாக நெட்டே வேண்டாம். கூகுள் ஆத்தென்டிகேட்டர்ல 2023ல இருந்து அக்கவுண்ட்டோட சிங்க் பண்ற வசதியும் இருக்கு. ரெக்கவரி கோடை மட்டும் பேப்பர்ல எழுதி வச்சுடுங்க.

மத்தபடி டெலீட் பண்ண பயப்படாதீங்க. ஐஓஎஸ் 11ல இருந்து, அதாவது 2017ல இருந்து, ஆப்பை மட்டும் எடுத்துட்டு டேட்டாவை வச்சுக்கற ஆஃப்லோட் இருக்கு, ஆண்ட்ராய்டுல 2023ல ஆர்க்கைவ் வந்துச்சு, வேணும்னா திரும்ப இறக்கிக்கலாம். ஆனா முழுசா அன்இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி அந்த ஆப்போட டேட்டா கிளவுட்ல இருக்கா, இல்ல அந்தச் சாதனத்துக்குள்ளயே இருக்கான்னு பாருங்க. காசு கட்டற ஆப்பா இருந்தா சப்ஸ்கிரிப்ஷனைத் தனியா கேன்சல் பண்ணணும், ஆப்பை எடுத்ததால அது நிக்காது, மாசா மாசம் போய்கிட்டேதான் இருக்கும். முடிவு பண்ண முடியாத ஆப்பை எல்லாம் நான் ‘பார்ப்போம்’னு ஒரு ஃபோல்டர்ல போட்டு கடைசிப் பக்கத்துல தள்ளிடுவேன், ஒரு மாசத்துல ஒருதடவை கூட தேடலைன்னா தூக்கிடுவேன்.

அந்த டேப்லெட்டை நீங்க மட்டும்தான் எடுப்பீங்களா, இல்ல வீட்ல எல்லாருமான்னு நீங்க சொல்லலை. குழந்தைங்க கையில போகும்னா ஆத்தென்டிகேட்டரும் மெயிலும் அதுல வேண்டாம், அப்போ அந்த ரெண்டாவது காப்பியை அலமாரியில கிடக்கற ஏதாவது பழைய போன்ல போட்டு, சார்ஜ் ஏத்தி, லாக் போட்டு வச்சிருங்க, ஆறு இலக்க கோட் வர்றதுக்கு அது போதும்.